தாமான் வீட்டுக்கு எந்த நாய்?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மதியம் இரண்டு மணி. தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் வீட்டுக் குடியிருப்பின் கடைசி வரிசையில், கார் நிறுத்தும் முகப்பில், ஒரு சைபீரியன் ஹஸ்கி வயிற்றைத் தரையோடு ஒட்டவைத்துப் படுத்திருக்கிறது. பின்னங்கால்கள் தவளைக்கு நீள்வதுபோல் பின்னால் நீண்டிருக்கின்றன. வெளியே தொங்கும் நாக்கின் நுனி கரண்டிபோல் அகன்று, விளிம்பு மேலே சுருண்டிருக்கிறது. உடம்புச் சூட்டை வெளியேற்ற முடியாமல் நாய் திணறும்போது நாக்கு அப்படித்தான் ஆகும். தண்ணீர்ப் பாத்திரத்தில் ஐஸ் கட்டி மிதக்கிறது, மேசை விசிறி அதன் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த வீட்டார் நல்ல மனிதர்கள். மகள் நீலக் கண்ணைப் பார்த்து ஆசைப்பட்டாள். தகப்பனார் ஓவர்டைம் செய்த பணத்தில் வாங்கிக் கொடுத்தார். அன்பில் குறையே இல்லை. ஆனால் அந்த நாயின் உடம்பு, வடகிழக்குச் சைபீரியாவில் சுக்சி மக்களின் பனிவண்டியை நாளெல்லாம் இழுப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக உருவான உடம்பு. அதன் மேல் இரண்டடுக்கு ரோமம். அதைக் கழற்றி வைக்க அதற்கு வழியில்லை.

எந்த ஜாதி நாய் நல்ல நாய் என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் வீட்டின் அகலம் எவ்வளவு, காலை ஏழு மணிக்குப் பூட்டிய கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, பக்கத்துச் சுவருக்கு அப்பால் யார் குடியிருக்கிறார் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. யார் வீட்டுப் பெட்டையாவது குட்டி போடும், பால்குடி மறந்ததும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டுக் கறுப்பன் விடியுமுன் அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடும். அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடிக்கும் வரை வாளியின் பக்கத்தில் படுத்திருந்து, பால் நிறுக்குமிடம் வரை கூடவே வந்து, பத்து மணிக்கு வீடு திரும்பும். பிற்பகலில் ஆயாக் கொட்டகைப் பக்கம் பிள்ளைகளோடு திரியும். அந்த நாய்க்குக் கயிறு கிடையாது, வேலியும் கிடையாது. களைப்பும் தோழமையும் நாள் தவறாமல் கிடைத்தன. ரப்பர் போய்ச் செம்பனை என்ற எண்ணெய்ப் பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நாம் 20 அல்லது 22 அடி அகலமுள்ள வரிசை வீடுகளுக்கு வந்துவிட்டோம். இன்று கணவனும் மனைவியும் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிந்து டியூஷனுக்குப் போகிறார்கள். நாய்க்கு மிஞ்சுவது இரும்புக் கதவுக்கும் வாசல் கதவுக்கும் இடைப்பட்ட சிமெண்டுத் தரை. லயத்து நாய்க்கு இருந்த வாழ்க்கையை மனத்தில் வைத்துக்கொண்டு தாமான் வீட்டுக்கு நாய் வாங்குவதுதான் முதல் தவறு.

இரண்டாவது தவறு வெயிலைக் கணக்கில் எடுக்காதது. மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கோ பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி அது மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். வேகமாக மூச்சுவிடும்போது நாக்கிலும் மூக்கின் உட்சுவரிலும் உள்ள ஈரம் ஆவியாகிறது, அங்கே ஓடும் இரத்தம் குளிர்கிறது. காற்றே ஈரமாக இருந்தால் அந்த ஈரம் ஆவியாவது மெதுவாகிறது. நம் ஊரில் பகல் வெப்பம் 33 டிகிரி என்றால் வறண்ட நாட்டு 33 டிகிரியைவிட நாய்க்கு இது கொடியது. மழை பெய்து ஓய்ந்த பிற்பகலின் புழுக்கத்தில் நமக்கே மூச்சு முட்டுகிறதே! நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும்.

இப்போது சப்பை மூக்கு நாய்களை நினைத்துப் பாருங்கள். பக், ஃபிரெஞ்ச் புல்டாக், பெக்கினீஸ், ஓரளவுக்கு ஷீட்ஸு. மனிதன் அழகு பார்த்து மூக்கெலும்பைக் குட்டையாக்கிவிட்டான். உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. நீளமான மேலண்ணம் தொண்டையை அடைக்கிறது, மூக்குத் துவாரம் கீற்றாகச் சுருங்கியிருக்கிறது. சூட்டைத் தணிக்கும் கருவியே பழுதுபட்ட நிலையில் அது பிறக்கிறது. பக் நாய் குறட்டை விடுவதைப் பலர் செல்லமாகப் பார்க்கிறார்கள். காற்றுக்குப் போராடும் ஓசை அது. குளிர்சாதனத்தைப் பகல் முழுவதும் போட்டுவைக்க முடிகிற வீடாக இல்லாவிட்டால், தோட்டப் பட்டணத்து வீட்டுக்கு இந்த நாய்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரோமம் அடர்ந்த நாயை மொட்டையடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மொட்டைத் தோல் வெயிலில் எரியும், இரண்டடுக்கு ரோமம் சில நேரம் பழையபடி வளராமலும் போகும். பெரிய, தொங்கும் காதுள்ள காக்கர் ஸ்பானியல் போன்ற நாய்களுக்கு இந்த ஈரக்காற்றில் காதுக்குள் புண்ணும் நாற்றமும் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாயினம் என்பது பெரும்பாலும் ஒரு பழைய வேலையின் பெயர். பீகிள் முயலின் மோப்பத்தைப் பிடித்துக் கூட்டமாக ஊளையிட்டு ஓட வளர்க்கப்பட்டது. அந்தக் குரல் வரிசை வீட்டில் பத்து வீடு தாண்டிக் கேட்கும். டாக்ஸ்ஹுண்ட் வளைக்குள் புகுந்து வேட்டையாடப் பிறந்தது. நீண்ட முதுகெலும்பின் வட்டு நழுவிப் பின்னங்கால் விழுந்துபோகும் ஆபத்து அதற்கு உண்டு, மாடிப்படி அதற்கு ஆகாது. பார்டர் கோலி ஆட்டு மந்தையை மேய்த்த நாய். மேய்க்க ஆடு இல்லாவிட்டால் சைக்கிளில் போகும் பிள்ளைகளை மேய்க்கும்.

ஆனால் இனத்தின் பெயரை முழுதாக நம்பிவிடவும் கூடாது. 2022-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்தது, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தது. நாய்க்கு நாய் குணம் மாறுபடுவதில் ஏறத்தாழ 9 விழுக்காடுதான் இனத்தைக் கொண்டு விளக்கக்கூடியதாக இருந்தது. உருவம், ரோமம், மூக்கின் நீளம், நோய்க்கு ஆளாகும் தன்மை இவற்றை இனத்தை வைத்து உறுதியாகச் சொல்லலாம். ‘இந்த ஜாதி பிள்ளைகளைக் கடிக்காது’ என்று கடைக்காரர் சொல்வதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. தாயின் குணமும், பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை குட்டி யாரை, எதைப் பார்த்துப் பழகியது என்பதும் மிக முக்கியம். அந்த நாள்களில் கூண்டையும் பிளாஸ்டிக் தட்டையும் தவிர வேறெதையும் காணாத குட்டிக்கு, பிறகு மோட்டார் சைக்கிளும் குடையும் தொப்பி போட்ட தபால்காரரும் அச்சமூட்டும் பொருள்களாகவே இருப்பார்கள். பயந்த நாய்தான் பெரும்பாலும் கடிக்கிறது.

நம் மக்களிடம் பேசினால் பேச்சு விரைவில் காவலுக்குத் திரும்பிவிடும். ‘வீட்டில் பகலில் ஆள் இல்லை, அல்சேஷன் ஒன்று இருந்தால் தைரியம்’ என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அல்சேஷன் என்பது ஜெர்மன் ஷெப்பர்டுதான், 35 கிலோ எடையுள்ள அதற்கு நாள்தோறும் நீண்ட ஓட்டமும் பயிற்சியும் வேண்டும். அவை கிடைக்காமல் சங்கிலியில் கட்டிப்போட்ட அல்சேஷன் காவல் நாயாவதில்லை. வருகிற போகிற எல்லாரையும் வெறுக்கும் நாயாகிவிடுகிறது. இடுப்பெலும்பு மூட்டுக் கோளாறு அந்த இனத்தில் சாதாரணம், வழுக்கும் ஓட்டுத்தரை அதை மோசமாக்கும். சட்டமும் இருக்கிறது. கால்நடை சேவைத் துறையின் பட்டியலில் பிட்புல், அகிதா, ஜப்பானியத் தோசா, டோகோ அர்ஜென்டினோ போன்றவை இறக்குமதிக்குத் தடை செய்யப்பட்டவை. ராட்வைலர், டாபர்மேன், புல் மாஸ்டிப், ஜெர்மன் ஷெப்பர்ட் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. திருடன் அஞ்சுவது பெரும்பாலும் குரைப்புச் சத்தத்துக்குத்தான். பதினைந்து கிலோ நாய் நேரத்துக்குக் குரைத்தால் அந்த வேலை முடிந்துவிடும்.

தோட்டத்தை ஒட்டிய ஊருக்கே உரிய ஆபத்துகள் சில உண்டு. நகரத்தில் எழுதப்படும் நாய் வளர்ப்புக் குறிப்புகளில் இவற்றை நான் பார்த்ததில்லை. செம்பனைப் பழத்தைத் தின்ன எலி வரும், எலியைத் தேடி நாகம் வரும். விஷத்தைக் கண்ணில் உமிழும் நாகம் இந்தப் பகுதியில் உண்டு. எலியைக் கொல்லத் தோட்டத்தில் மெழுகுக் கட்டி போன்ற மருந்தை மரத்தடியில் வைப்பார்கள். அந்த மருந்து இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. எலி மட்டுமல்ல, அதைத் தின்ற நாயும் சாகும்.

எங்கள் பிரௌனி அப்படித்தான் போனது. ஒரு சனிக்கிழமை கதவிடுக்கில் நழுவி, செம்பனைக்குள் ஓடி, ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. இரண்டு நாள் ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாம் நாள் சோறு தின்ன மறுத்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்த காகிதம்போல் இருந்தது, மூக்கின் ஓரத்தில் ஒரு மெல்லிய இரத்தக் கோடு. மருத்துவர் வைட்டமின் கே ஊசி போட்டார், காலம் கடந்துவிட்டது. மருந்தைத் தின்ற அன்றே கொண்டுபோயிருந்தால் வாந்தி எடுக்கவைத்து, வாரக்கணக்கில் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் சொல்கிறேன்: ஜாக் ரஸ்ஸல் போன்ற டெரியர் இனங்கள் நரி, எலி போன்றவற்றைத் துரத்தி வேட்டையாட உருவாக்கப்பட்டவை. செம்பனை ஓரத்து வீட்டுக்கு அவற்றைக் கொண்டுவருவதானால் வேலியில் ஓர் இடுக்கும் இருக்கக்கூடாது. தப்பித்துப் போன நாய் திரும்பி வந்தால் வாயைத் திறந்து பாருங்கள். அதன் மலத்தையும் பாருங்கள், அந்த மருந்துக் கட்டிகளுக்கு நீலமோ பச்சையோ சிவப்போ சாயம் ஏற்றியிருப்பார்கள்.

உண்ணி இன்னொரு தொல்லை. அது கொண்டுவரும் காய்ச்சல் நாயின் இரத்த அணுக்களை அழிக்கும். வாரம் இரண்டு முறை காது மடிப்பு, கால்விரல் இடுக்கு, கழுத்துப் பட்டையின் அடி ஆகிய இடங்களில் விரலால் தடவிப் பார்த்தால் துவரம்பருப்பளவு ஒன்று தட்டுப்படும். குட்டை ரோம நாயில் இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். நீள ரோம நாயில் அரைமணி தேடியும் தவறவிடுவோம். குட்டை ரோமத்தை நான் வற்புறுத்துவதற்கு வெயில் பாதிக் காரணம், உண்ணி மீதிக் காரணம். இவை தவிர கொசு கடித்து இதயப்புழு வரும், எலிச் சிறுநீர் கலந்த வாய்க்கால் நீரைக் குடித்து லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும். வெறிநாய்க்கடி நோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் தலைகாட்டியது, 2017 முதல் சரவாக்கில் உயிர்களைப் பலி வாங்கியது. கெடாவும் பினாங்கும் நமக்கு எவ்வளவு பக்கம் என்பதை நினைத்துத் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது அண்டை வீடு. நாய் நமக்கு வைரவரின் வாகனம், முனீஸ்வரர் கோயிலில் சாமிக்குப் பக்கத்தில் நிற்பது. பக்கத்து வீட்டு மக்சிக்குக்கு, அதாவது மலாய் அம்மாவுக்கு, அப்படியில்லை. மலேசிய முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில் நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். நம் நாய் அவர் வீட்டு முன் அஞ்சடிக்குப் போய் மிதியடியை நக்கிவிட்டு வந்தால் அவர் தொழுகைக்குமுன் படும் பாட்டை நாம் உணர வேண்டும். எச்சில் ஒழுகும் பாக்சர், நாலடிச் சுவரைத் தாவும் ஹஸ்கி, தனியாக விட்டால் நாளெல்லாம் குரைக்கும் பொமரேனியன் இவற்றை இந்தக் கண்ணோடும் பார்க்க வேண்டும். குட்டி வருவதற்கு முன்பே போய்ச் சொல்லிவிட்டு, கதவின் அடிப்பகுதிக்குக் கம்பிவலை அடித்துவிட்டால் பாதிச் சண்டை வராது. ஊராட்சி மன்றத்தில் உரிமம் எடுப்பதும் கட்டாயம். வரிசை வீட்டுக்கு எத்தனை நாய் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும். சில மன்றங்கள் அண்டை வீட்டாரின் சம்மதத்தையும் கேட்கின்றன.

சரி, ஜாதி நாய்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு? லாப்ரடார் நல்ல குணம், பிள்ளைகளுக்கு ஏற்றது, ஆனால் பசி அடங்காது. 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசி அடங்கிய உணர்வைக் குலைக்கும் மரபணு மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். பாட்டி ஒரு கவளம், பேரன் ஒரு பிஸ்கட் என்று கொடுக்கும் நம் வீடுகளில் அது ஓராண்டில் பீப்பாய் ஆகிவிடும். கோல்டன் ரெட்ரீவருக்கு ரோமம் அதிகம். சிறு பூடில் அறிவுள்ளது, அதன் ரோமம் அதிகம் உதிர்வதில்லை, மாதம் தவறாமல் வெட்டிவிட வேண்டியிருக்கும். மினியேச்சர் பின்ஷர் வெயிலைத் தாங்கும், குரைப்புதான் கொஞ்சம் மிகுதி. சிறு வீட்டுக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் நான் சொல்வேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை வேண்டும் என்று ஊர்ப் பாசத்தோடு கேட்பவர்களும் உண்டு. 2005-இல் இந்தியா ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சிப்பிப்பாறை கரிசல் வெளியில் முயல் துரத்திய நாய், இருபதடி வீட்டில் அதற்கு என்ன இருக்கிறது? ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதும் உண்டு.

என் மனம் சாய்வது நாட்டு நாயின் பக்கம். கம்பத்து (கிராமத்து) நாய், தோட்டத்து நாய், எப்படி அழைத்தாலும் அதுதான். நீண்ட மூக்கு, ஒட்டிய ரோமம், நிமிர்ந்த காது, பன்னிரண்டிலிருந்து பதினெட்டு கிலோ எடை. இந்த வெயிலும் ஈரமும் தலைமுறைகளாகச் சலித்தெடுத்த உடம்பு அது. நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்யப்படாததால், ஜாதி நாய்களைத் துரத்தும் பரம்பரை நோய்கள் அதில் குறைவு. இந்த மண்ணின் நாயை வெளிநாட்டார் மதித்த கதையும் உண்டு. 1963-இல் ஆர்வில் எலியட் என்ற மானுடவியலாளர், பகாங்கில் தெலோம் ஆற்றங்கரைப் பூர்வக்குடி மக்களிடமிருந்து நாய்களைப் பெற்று, ஆராய்ச்சிக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார். கால்மேல் நிற்கும் வீட்டுக்கு ஏணி ஏறிப் போகக்கூடிய அந்த நாய்களுக்குத் தெலோமியன் என்று பெயரும் வைத்தார்கள். நாம் ‘வெறும் தெருநாய்’ என்று கல்லெறிந்த நாய்களின் உறவினர்கள் அவை.

நாட்டு நாய்க்குக் குறையும் உண்டு. அதற்கு ஊர் சுற்றும் கால், அந்நியரைச் சந்தேகிக்கும் கண். ஆறு மாதத்தை ஒட்டிக் குடும்பக் கட்டுப்பாடு செய்துவிட்டால் ஊர் சுற்றுவது பெருமளவு குறையும், பெட்டைக்குக் கருப்பை சீழ்பிடிக்கும் ஆபத்தும் நீங்கும். இலவசமாகக் கிடைத்த நாய்க்கு அறுவைக்குச் செலவழிப்பதா என்று தயங்கி, அடுத்த ஆண்டு ஏழு குட்டிகளைப் பெட்டியில் போட்டுச் சந்தை ஓரம் வைத்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி விலங்கை வதைத்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

வீட்டில் முதியவர் மட்டும் பகலில் இருந்தால் குட்டியே வேண்டாம். காலில் சிக்கி அவரை விழவைக்கும். விலங்கு காப்பகத்தில் இரண்டு மூன்று வயதான, குணம் தெரிந்த நாயைக் கேளுங்கள். குட்டிதான் என்றால் எட்டு வாரத்துக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். தாயைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். தரையில் உட்கார்ந்து, கையை நீட்டி வைத்து, பேசாமல் இருங்கள். முதலில் பாய்ந்து வந்து விரலைக் கடிப்பதும் வேண்டாம், மூலையில் ஒடுங்குவதும் வேண்டாம். கொஞ்சம் யோசித்து, மோந்து, வாலை ஆட்டிக்கொண்டு வருவதை எடுங்கள். சாவிக்கொத்தைக் கீழே போட்டுப் பாருங்கள். திடுக்கிட்டு, பிறகு என்னவென்று பார்க்க வரும் குட்டி நம் வீட்டுச் சத்தத்துக்குப் பழகிவிடும். சாப்பாட்டுக்குச் சோறும் வேகவைத்த கோழியும் கொடுக்கலாம், எலும்பை எடுத்துவிட்டு. நம் கறிக்குழம்பு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். குட்டியைத் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கொண்டுவராதீர்கள், வெடிச் சத்தம் அதன் மனத்தில் ஆயுளுக்கும் தங்கிவிடும். நீண்ட பள்ளி விடுமுறையின் முதல் நாள் நல்ல நாள். பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்.